அகத்தாய்வு முதல் நிலை: சங்கல்பத்தைத் தாளில் எழுத வைக்கும் பயிற்சி

அகத்தாய்வு முதல் நிலைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொல்கிறார்கள். கண்ணை மூடி உட்காருவதற்காக வந்தவர்களுக்கு முதலில் இது புதிராகத் தெரியலாம். பயிற்சி முடியும்போது, கையில் மிஞ்சும் பயன் பெரும்பாலும் அந்த நோட்டில்தான் இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. வேதாத்திரி மகரிஷி வகுத்த, உடற்பயிற்சியும் தவமும் அடங்கிய மனவளக்கலையில், தன் மனத்தைத் தானே ஆராய்கிற பகுதி இது. எங்கள் ஊர் மனவளக்கலை மன்றத்தில் பயின்று, பிறகு வீட்டிலும் தொடர்ந்து செய்துவருகிற ஒருவர் என்ற முறையில், இதில் எது நாள்தோறும் கைகொடுக்கிறது, எதை ஒதுக்கி வைத்தாலும் நட்டமில்லை என்பதை எழுதுகிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்களையும், உடற்பயிற்சியோடு நிறுத்திவிட்டவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வேதாத்திரி மகரிஷி 1911ஆம் ஆண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்து நெய்தவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2006இல் மறைந்தார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில், ஆழியாறு அணைக்கு அருகில் இருக்கும் அறிவுத்திருக்கோயில்தான் இந்த இயக்கத்தின் தலைமையிடம். இவற்றுள் இந்த மதிப்புரைக்கு முக்கியமானது, அவர் இல்லறத்தில் இருந்தபடியே இந்த முறையை உருவாக்கினார் என்பதே. கடன், தொழில், பிள்ளை, உறவினர் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறவரை நோக்கித்தான் இந்தப் பாடம் பேசுகிறது. அவருடைய மனைவி லோகாம்பாள் அம்மையாரின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30 மன்றங்களில் மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடப்படுவதும் இந்த நோக்கின் ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போ என்று சொல்லாத ஓர் ஆன்மிகப் பயிற்சி, காலையில் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஓடுகிறவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் உணர முடியும்.

அகத்தாய்வில் நேரடியாகச் சேர முடியாது. முதலில் எளியமுறை உடற்பயிற்சி: கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று வரிசையாக வரும். வயதானவர்களும் செய்யக்கூடிய அளவுக்கு மென்மையானவை இவை. மூட்டு வலியுள்ளவர்கள் கால் பயிற்சியை உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். அடுத்து ஆக்கினைக்கும் சாந்திக்கும் தீட்சை தருகிறார்கள். புருவ மத்தியில் கவனத்தை வைப்பது ஆக்கினைத் தவம். அங்கே அழுத்தம் அதிகமானால் கீழே இறக்கி, முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்தில் நிறுத்துவது சாந்தித் தவம். ஏற்றுவதற்கு வழி சொல்லிக்கொடுக்கிற அதே நேரத்தில் இறக்குவதற்கும் வழி சொல்லிக்கொடுக்கிற இந்த எச்சரிக்கை உணர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கட்டங்களை அவசரப்பட்டுத் தாண்டிவிட வேண்டாம். சற்று நேரம் அசையாமல் உட்காரப் பழகாத மனத்திடம் போய் உன் ஆசைகளைப் பட்டியலிடு என்றால் அது கடைக்குப் போகும் பட்டியலைத்தான் எழுதும்.

இனிச் சங்கல்பம். ஒவ்வொரு தவமும் முடியும்போது, கண் திறப்பதற்கு முன்னால், உடல் நலம், நீளாயுள், நிறைசெல்வம், உயர்புகழ், மெய்ஞ்ஞானம் ஆகிய ஐந்தும் ஓங்கி வாழ்வேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறோம். பிறகு வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர், நண்பர்கள், தொழிலில் உடன் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராக வாழ்த்தி, எதிராக நினைப்பவர்களையும் வாழ்த்தி, வையகம் முழுவதையும் வாழ்த்தி முடிக்கிறோம். இந்த ஐந்தில் நிறைசெல்வம் என்ற ஒன்று இடம்பெற்றிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் வீடுகளில் பணத்தை விரும்புவதைப் பற்றி ஓர் ஒளிவு மறைவு இருந்துகொண்டே இருக்கிறது. சம்பள உயர்வுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நான் பணத்துக்கு ஆசைப்படுகிறவன் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உடல் நலத்துக்கும் மெய்ஞ்ஞானத்துக்கும் நடுவில் செல்வத்தையும் வைத்து, அதை வாய்விட்டுச் சொல்லலாம், அதில் வெட்கம் தேவையில்லை என்று பழக்குவது அந்த ஒளிவு மறைவைக் கரைத்துவிடுகிறது. தன்னை வாழ்த்திய பிறகுதான் பிறரை வாழ்த்துகிறோம் என்ற வரிசையும் கவனிக்கத்தக்கது. குடும்பத்துக்காக உழைத்து உழைத்துத் தனக்கென்று ஒன்றைக் கேட்கவே கூச்சப்படுகிற பெண்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். முதல் வாழ்த்து தனக்கு என்றபோது அவர்களில் சிலருக்குக் குரல் எழவில்லை.

என்றாலும் இந்தப் பொதுச் சங்கல்பம் மட்டும் போதாது. எல்லோருக்கும் ஒரே வாசகம், எல்லா நாளும் ஒரே வாசகம் என்றால் நாளடைவில் அது நாக்குக்குப் பழகிவிடும். மனம் வேறெங்கோ இருக்க வாய் மட்டும் சொல்லி முடித்துவிடும். புத்தாண்டு அன்று எடுக்கிற உறுதிமொழிகள் பொங்கலுக்குள் மறைந்துபோவதற்கும் இதுதான் காரணம்: நல்லவனாக இருப்பேன், உடம்பைப் பார்த்துக்கொள்வேன், வீட்டில் அன்பாகப் பேசுவேன் என்பவற்றில் யாரிடம், எந்த வேளையில், எந்தச் சொல்லை விடுவேன் என்பது இல்லை. அந்தக் குறையை நிரப்புவதுதான் அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதிச் செய்யச் சொல்கிறார்கள். நான் யார் என்ற ஆராய்ச்சியும் அகத்தாய்வில் உண்டு.

எண்ணம் ஆராய்தலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஓர் எண்ணம் எழுவதற்குத் தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு (முன்னோர் வழி வந்த பதிவு), தெய்வீகம் என்று ஆறு காரணங்கள் சொல்லப்படுகின்றன. சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்து, வருகிற எண்ணங்களைக் குறித்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கருவமைப்பு, தெய்வீகம் என்ற இரண்டையும் என்னால் இன்னும் சரியாக அடையாளம் காண முடிவதில்லை. ஆனால் முதல் நான்கு மட்டுமே அன்றாட வாழ்க்கைக்குப் போதும். புது போன் வாங்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நேரே ‘பிறர் மனத்தூண்டுதல்’ என்று எழுதுகிற அந்தக் கணத்திலேயே அதன் வேகம் பாதி குறைந்துவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு டீயோடு ஏதாவது கொறிக்க வேண்டும் என்பதற்கு நேரே ‘பழக்கம்’ என்று எழுதலாம். எழுதிய பிறகும் கொறிக்கலாம். அதற்குப் பசி என்று பெயர் சொல்ல மட்டும் இனி வராது.

ஆசை சீரமைத்தல் என்ற பெயரே இந்த முறையின் குணத்தைக் காட்டுகிறது. ஆசையை அறு, விடு, ஒழி என்ற உபதேசங்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதை வைத்துக்கொண்டே ஒழுங்குபடுத்தலாம் என்பது இதமாக இருக்கிறது. இருக்கிற ஆசைகளை எல்லாம் எழுதிவிட்டு, இது எனக்குத் தேவையா, இதை அடைய என்னிடம் வசதி உண்டா, அடைந்தால் எனக்கும் பிறருக்கும் என்ன விளைவு என்று கேட்டு வடிகட்ட வேண்டும். மூன்றாவது கேள்விதான் ஆழமாகப் போகிறது. சொந்த வீடு என்ற ஆசை முதல் இரண்டு கேள்விகளையும் தாண்டிவிட்டது. ஊருக்கு வெளியே மனை வாங்கினால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும், வயதான பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விளைவை எழுதத் தொடங்கியபோதுதான் அந்த ஆசையின் உருவமே மாறியது. ஆசை போகவில்லை, அதன் அவசரம் போய்விட்டது. நிறைவேறிய ஆசைகளையும் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். இது பாடத்தில் உள்ளதல்ல, நானாகச் சேர்த்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு பெரிய கனவாக இருந்த ஸ்கூட்டர் இன்று வாசலில் வெறும் வண்டியாக நிற்பதைத் தாளில் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

சினம் தவிர்த்தலுக்கு வருவோம். நமக்கு அடிக்கடி யார் மீதெல்லாம் சினம் வருகிறதோ அவர்கள் பெயர்களை எழுத வேண்டும். எதனால் வருகிறது என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத வேண்டும். பிறகு ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, இவரிடம் இனிச் சினம் கொள்ள மாட்டேன் என்று சங்கல்பம் செய்து, தவத்தின் முடிவில் அவரைப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. ஆனால் இந்தப் பட்டியலை எழுதி முடித்த அறையில் ஏற்படுகிற மௌனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எல்லோருடைய தாளிலும் ஒன்றே தெரிகிறது: சினம் எதிரிகள் மீது வருவதில்லை, வீட்டுக்குள் இருப்பவர்கள் மீதுதான் வருகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். கம்பெனியில் எத்தனையோ பேரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர் எழுதிய முதல் பெயர் அவருடைய மகனுடையது. காரணம் என்ற இடத்தில், “கூப்பிட்டால் உடனே வருவதில்லை” என்று எழுதியிருந்தார். அவர் அதை ஆசிரியையிடம் காட்டி, “ஏனுங்க அம்மா, இதுக்கா நான் இவ்வளவு சத்தம் போட்டேன்?” என்று கேட்டார். ஆசிரியை, “எழுதிட்டீங்க இல்லைங்களா ஐயா, இனி அந்த ஒண்ணை மட்டும் பாருங்க, வாழ்க வளமுடன்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் நல்ல ஆசிரியரின் இலக்கணம் என்று எனக்குத் தோன்றியது.

இந்தப் பயிற்சி ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால், அது குணத்தைத் தொடாமல் சந்தர்ப்பத்தைத் தொடுகிறது. நான் கோபக்காரன் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் அவரால் அதற்கு மேல் செய்யக்கூடியது எதுவும் இல்லை, வெட்கப்படலாம், அவ்வளவுதான். மகன் கூப்பிட்டவுடன் வராதபோது எனக்குச் சினம் வருகிறது என்று எழுதியவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. இரண்டாம் முறை கூப்பிடாமல் நேரில் போய்ப் பேசலாம், அல்லது சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அந்தச் சந்தர்ப்பம் மறுநாளும் வரும் என்பது நிச்சயமாகத் தெரிந்திருப்பதால், காலையிலேயே அதை மனக்கண்ணில் கொண்டுவந்து, அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வேன் என்று ஒருமுறை பார்த்துவிட முடிகிறது. நூறு நாள் யாரிடமும் கோபப்பட மாட்டேன் என்று மலையளவு விரதம் எடுப்பதைவிட, ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு விஷயத்தில் என்று எடுக்கிற சங்கல்பம் நிற்கிறது. நின்றுவிட்டால் அடுத்த பெயருக்குப் போகலாம். நிற்காவிட்டால் அதே பெயரிலேயே மறுபடியும் தொடங்கச் சொல்கிறார்கள். அதற்காக யாரும் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

கவலை ஒழித்தல்தான் இந்தப் பயிற்சியின் மணிமுடி. கவலைகளை எல்லாம் எழுதி நான்கு கட்டங்களில் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்துவிட வேண்டியவை, உடனடியாகத் தீர்க்க வேண்டியவை. கேட்கும்போது இது யாருக்கும் தெரிந்த விஷயம்போலத்தான் இருக்கும். எழுதிப் பார்க்கும்போதுதான், நம்மை வாட்டுகிற எந்தக் கவலையும் முழுசாக ஒரு கட்டத்துக்குள் அடங்குவதில்லை என்று தெரியவருகிறது. குற்ற உணர்வோடு கலந்த கவலைகள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன. நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரே பாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

என் நோட்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பது. ‘அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்’ என்று எழுதினேன். எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. அந்த ஒரு வரியை உடைத்து எழுதும்படி ஆசிரியை சொன்னார். உடைத்தபோது வந்தவை இவை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் வாங்கித்தர ஆளில்லை; இது உடனடியாகத் தீர்க்க வேண்டியது, மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து மாதா மாதம் வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்ததும் தீர்ந்துவிட்டது. அப்பா கட்டிய வீட்டையும் கொல்லையில் இருக்கும் மாட்டையும் விட்டுவிட்டு அம்மா நகரத்துக்கு வர மாட்டேன் என்கிறார். இது அனுபவித்தே தீர வேண்டியது, ஏனென்றால் அது அவருடைய வாழ்க்கை, முடிவும் அவருடையது. இன்னும் சில ஆண்டுகளில் அவரால் நடமாட முடியாமல் போனால் என்ன செய்வது என்பது தள்ளிப்போட வேண்டியது. ஆனால் வெறுமனே தள்ளிப்போடாமல், தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது அண்ணனோடும் அக்காவோடும் உட்கார்ந்து பேசுவது என்று நாள் குறித்துத் தள்ளிப்போட்டேன். பெற்ற தாயைத் தனியாக விட்டுவிட்டு இவர்கள் மட்டும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று பேசுகிற பங்காளிகளின் பேச்சு மிஞ்சிய கட்டத்துக்குப் போனது, அலட்சியம் செய்துவிட வேண்டியது.

பிரித்து முடித்த பிறகு அந்த நான்கு வரிகளையும் பார்த்தேன். இத்தனை காலமாக என்னை அழுத்திக்கொண்டிருந்தவற்றில் என் கையால் உடனே செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் செய்யாமல் இருந்தேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதை மறைத்துக்கொண்டு நின்றன. குற்ற உணர்வு நம்மைக் கடமை செய்ய வைக்கும் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் கடமையைத் தள்ளிப்போடத்தான் வைக்கிறது. போனை எடுத்தால் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும், கேட்டால் மனம் வலிக்கும் என்று போனையே எடுக்காமல் விடுகிறோம். கவலையைப் பிரித்து வைத்தவருக்குப் போன் செய்வது எளிதாகிவிடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்காக மட்டுமே இந்தப் பயிற்சியை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

தள்ளிப்போடுகிற கட்டத்தில்தான் கவனம் வேண்டும். நாள் குறிக்காமல் அங்கே ஒன்றைப் போட்டால், அது சில வாரங்களில் திரும்பி வந்து மறுபடியும் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அதேபோல், அலட்சியம் செய்வது என்ற கட்டத்தில் பிள்ளையின் படிப்பையோ உடம்பில் தெரிகிற ஓர் அறிகுறியையோ போட்டுவிடக் கூடாது. ஊர்ப் பேச்சு, உறவினர் முகச்சுளிப்பு, நம்மை யார் மதித்தார் யார் மதிக்கவில்லை என்பன போன்றவற்றுக்கான இடம் அது. வகுப்பில் இதற்கு இன்னும் கூடுதலாக எடுத்துக்காட்டுகள் தந்தால் நன்றாக இருக்கும்.

செய்த தவற்றினால் வருகிற குற்ற உணர்வுக்கு மனவளக்கலையில் தனியாகவும் ஒரு விளக்கம் உண்டு. செய்த செயல் மனத்தில் பதிவாக நிற்கிறது என்றும், அதைப் பிராயச்சித்தத்தாலும் மேற்பதிவாலும் மாற்றலாம் என்றும் மகரிஷி சொல்கிறார். பிராயச்சித்தம் என்பது பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது. மேற்பதிவு என்பது பழைய செயலின் மேலேயே நல்ல செயல்களைத் தொடர்ந்து பதித்துக்கொண்டு வருவது. பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால் கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம் என்ற ஆறு குணங்களை நிறைமனம், பொறுமை, ஈகை, கற்பு, சமநோக்கு, மன்னிப்பு என்று மாற்றுகிற அறுகுண சீரமைப்பிலும் கடைசியாக மன்னிப்பு வருகிறது. இதில் பிறரை மன்னிப்பதைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், தன்னை மன்னிப்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. முதல் வாழ்த்து தனக்கு என்று வைத்த முறையில், முதல் மன்னிப்பும் தனக்கு என்று வெளிப்படையாகச் சொல்லலாம்; நம் பெண்களுக்கு, முக்கியமாக வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு, அது பெரிய துணையாக இருக்கும்.

இனி எனக்கு நெருடலாக இருந்தவை. பாடத்தில் காந்தம், அலை, விண் என்று இயற்பியல் சொற்கள் நிறைய வருகின்றன. மூளை அலையின் அளவுகளும் சொல்லப்படுகின்றன: விநாடிக்கு 14 முதல் 40 வரை பீட்டா, 8 முதல் 13 வரை ஆல்பா, 4 முதல் 7 வரை தீட்டா, 1 முதல் 3 வரை டெல்டா. இப்படிப்பட்ட அலைகள் மூளையில் இருப்பது மருத்துவத்தில் அளந்து பார்க்கிற விஷயம்தான். ஆனால் தவத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இப்போது எந்த அலை ஓடுகிறது என்பதைக் கருவி இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. அது தெரியாமலேயே சங்கல்பம் தன் வேலையைச் செய்கிறது. அமைதியான மனத்தில் எடுக்கிற முடிவு பதற்றமான மனத்தில் எடுக்கிற முடிவைவிட நிற்கும் என்பதற்கு நம் ஒவ்வொருவருடைய வாழ்க்கையுமே சான்று. அதற்கு எண்கள் வேண்டியதில்லை. அறிவியல் படித்த இளைஞர்கள் இந்த விளக்கங்களில் முட்டிக்கொண்டு, அருமையான நோட்டுப் பயிற்சியைத் தொடாமலேயே திரும்பிவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது: தத்துவத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம், நான்கு கட்டங்களை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வேறொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்கும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறவருக்கும் பட்டியல் போடுவது மருந்தாகாது. அவர்கள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தவத்திலும் அகத்தாய்விலும் சேர்வது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

சேர விரும்புகிறவர்களுக்கு நடைமுறை விவரங்கள் சில. மனவளக்கலை மன்றங்களும் தவ மையங்களும் தமிழ்நாட்டில் சிறிய ஊர்களில்கூட இருக்கின்றன. காலையிலோ மாலையிலோ வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் வகுப்புகளை வைக்கிறார்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் தொண்டு மனத்தோடு வருகிற ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் என்பதால், கற்பிக்கும் தரம் மன்றத்துக்கு மன்றம் மாறத்தான் செய்யும். சேர்வதற்கு முன் ஒருநாள் கூட்டுத் தவத்தில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடலாம். எங்கள் மன்றத்தில் அது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையாக இருக்கவில்லை. ஆழியாறு போய்த் தங்கிப் பயில்வது என்பது வேறு வகையான அனுபவம். மலையும் அணையும் பக்கத்தில் இருக்க, வீட்டு நினைப்பு இல்லாமல் உட்காரலாம். ஆனால் முதல்முறை பயில்கிறவர்கள் உள்ளூர் மன்றத்தில் தொடங்குவதே நல்லது என்பேன். சினப் பட்டியலில் எழுதிய மனிதரை அன்று மாலையே வீட்டில் சந்திக்க வேண்டியிருக்கும்போதுதான் சங்கல்பம் உறைக்கிறது.

நோட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு. பயிற்சிக்குத் தனி நோட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டாம். அதில் உங்களோடு வாழ்கிறவர்களின் பெயர்களும், அவர்கள் மீது உங்களுக்கு இருந்த சினத்தின் காரணங்களும் இருக்கும். அவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டால், நீங்கள் திருந்துவதற்காக எழுதியது என்பது அவர்களுக்குத் தெரியாது. புகார்ப் பட்டியல் என்றுதான் தோன்றும். ஒரு பெயருக்கான சங்கல்பம் நிறைவேறியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது என் வழக்கம். கவலைப் பக்கங்களை மட்டும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் தள்ளிப்போட்டவற்றுக்குக் குறித்த நாட்கள் அவற்றில்தான் இருக்கின்றன.